அளக்காத அறை

ஜனவரி 8

அண்ணா,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். சமாதானக் கடிதம் என்று நினைத்துக் கண்கலங்கிவிடாதீர்கள். இது வேலை விஷயம்.

நான் படித்த பள்ளிக்கூடத்தை விரிவாக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த கட்டடம்தான். நூற்றிருபது வயசு, செங்கல்லும் சுண்ணாம்பும். நடுவில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே கூடம். இருபுறமும் இறக்கை விரித்தாற்போல் கிழக்கும் மேற்கும். மாடியில் அவை ஒன்றையொன்று தொடாது, அதற்கதற்குத் தனிப் படிக்கட்டு. இதன் பக்கத்தில் இரும்பும் கண்ணாடியுமாக ஒரு புதுக் கட்டடம் எழுப்புகிறேன். உள்ளே லிஃப்ட். பழையதையும் புதியதையும் முதல் மாடியில் ஒரு பாலம் இணைக்கும்.

சிக்கல் என்னவென்றால், பழைய மாடியில் பாதியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். உத்தரங்களைக் கரையான் தின்றுவிட்டது. முட்டுக் கொடுக்கும்வரை ஒருவரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. தச்சர்கள் வரவே மார்ச் கடைசி ஆகும்.

நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன் நீங்கள் அரசாங்கக் கட்டட அலுவலகத்தில் இருந்தபோது அந்தப் பள்ளியை அளந்து வரைபடம் போட்டீர்கள். அலுவலகப் பிரதியைத் தேடச் சொன்னேன், எலிகளுக்குத்தான் பயன்பட்டிருக்கிறது. உங்களிடம் ஒரு பிரதி இல்லாமல் இருக்காது. பஸ் டிக்கெட்டைக்கூட வருஷவாரியாகக் கட்டி வைக்கிற ஆள் நீங்கள்.

ஃபோன் செய்ய வேண்டாம். கடைசியாகப் பேசியபோது எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோரு 'ம்', ஒரு 'சரி'. எழுதினால்தான் உங்களுக்கு வாய் திறக்கிறது.

நூலக விஷயத்தை நான் மறக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த நூலகத்துக்கு நான் போட்ட வரைபடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த ஐந்து பேரில் நீங்களும் ஒருவர். "இந்தக் கூரை நிக்காதும்மா" என்றார் தலைவர். நீங்கள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வேலை வேறொருவருக்குப் போயிற்று. போகட்டும். வரைபடத்தை அனுப்புங்கள்.

உங்கள் தங்கை

•

ஜனவரி 15

அன்புள்ள வாலுவுக்கு,

இப்படி அழைக்கலாமா என்று தெரியவில்லை. முதலில் 'அன்புள்ள தங்கைக்கு' என்று தொடங்கிப் பார்த்தேன். அரசாங்கக் கடிதம் போல் இருந்தது. பிடிக்காவிட்டால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே படி.

வரைபடம் இருக்கிறது. நான்கு தாள்கள். முதல் தாள் தரைத்தளம், இரண்டாவது மாடி, மூன்றாவது முகப்பு, நான்காவது குறுக்குவெட்டு. மடிக்காமல் சுருட்டி, அட்டைக் குழாயில் போட்டு, இரண்டு முனையிலும் பஞ்சு வைத்து அனுப்புகிறேன். பிரிக்கும்போது பஞ்சை முதலில் எடு. தாளோடு சேர்த்து இழுத்தால் ஓரம் கிழியும். (இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லிவிட்டேன்.)

உன் கடிதம் வந்ததைப் பார்த்து என் மகள், "அத்தைகிட்டேர்ந்து லெட்டரா? கேஸ் ஏதாவது போட்டிருக்காங்களாப்பா?" என்று கேட்டாள். இல்லை, வரைபடம் கேட்கிறாள் என்றேன். "அப்ப கேஸைவிடப் பெரிசுதான்" என்று மாப்பிள்ளை சொன்னார். அவர் நல்ல மனிதர். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

நூலகம் பற்றி எழுத இந்தப் பத்தியை ஒதுக்கி வைத்திருந்தேன். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒன்றும் சரியாக அமையவில்லை. இடத்தை அப்படியே விடுகிறேன்.

பாலம் எந்தப் பக்கம் வருகிறது என்று நீ எழுதவில்லை. சும்மாதான் கேட்கிறேன்.

அண்ணன்

•

ஜனவரி 29

அண்ணா,

குழாய் பத்திரமாக வந்து சேர்ந்தது. பஞ்சை முதலில் எடுத்தேன்.

கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொல்கிறேன்: என்ன வரைபடம் அண்ணா! என் அலுவலகத்தில் கணினியில் வரைகிறவர்கள் நாலு பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். இரும்புப் பட்டறைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "அச்சடிச்ச மாதிரி இருக்கேம்மா. யாரு போட்டது?" என்றார். 'அங்குலம்' என்றேன். உங்களுக்கு அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர் அவருக்கும் தெரிந்திருக்கிறது. "ஓ, அங்குலம் சாரா? அப்ப நாம டேப்பைத் தூக்கிப் போட்டுடலாம்" என்றார்.

பாலம் மேற்குப் பக்கம், இருபத்துநாலு அடி நீளம். பூட்டியிருப்பதும் அந்த மாடிதான். உங்கள் இரண்டாம் தாளில் இரண்டு பக்கத்து மாடித் தளமும் தரையிலிருந்து சரியாகப் பதினைந்து அடி. அந்த மட்டத்தில்தான் புதுக் கட்டடத்தின் முதல் தளத்தைப் போடுகிறோம், பிப்ரவரி நடுவில் கான்கிரீட். மேற்கு ஜன்னல்களின் அடிமட்டத்தை வெளியிலிருந்து ஏணி வைத்துப் பார்த்தேன். உங்கள் தாளோடு இம்மி பிசகவில்லை. பாலத்தின் உத்தரங்களைப் பட்டறையில் மார்ச் பன்னிரண்டாம் தேதி வெட்டுகிறார்கள். அதே வாரம் பழைய சுவரில் உத்தரம் உட்கார நாலு குழி எடுப்போம். ஒரு ஜன்னலை வாசலாக்குவது தவிர, அந்தச் சுவரில் கை வைக்க எனக்குக் கிடைத்திருக்கும் அனுமதி அந்த நாலு குழிக்கு மட்டும்தான்.

இந்தப் பாலம் யாருக்காக என்று சொல்கிறேன். மேற்கு மாடியில்தான் பழைய ஆய்வகம். வேதியியல் ஆசிரியை ஒருத்தி இருக்கிறாள். விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி. ஒன்பது வருஷமாகக் கீழே ஒரு மூலை வகுப்பில் கரும்பலகையில் அமிலம் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். முதல் நாளே என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "ஒரு தீப்பெட்டி உயரம் இருந்தாலும் என்னால தாண்ட முடியாது மேடம். யாராவது தூக்கி விடணும். தூக்கி விடறதா இருந்தா நான் வரவே மாட்டேன்."

தீப்பெட்டி என்ன, தீக்குச்சி உயரம்கூட இருக்காது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தங்கை
(அந்தச் சொல்லை அடிக்கவில்லை.)

•

பிப்ரவரி 5

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன்.

பழைய கட்டடங்களைப் பற்றிப் பொதுவாகச் சில விஷயங்கள் எழுதலாம் என்று தோன்றியது. அவை பார்ப்பதற்குச் சமச்சீராக இருக்கும். ஆனால் கட்டியவர்கள் மனிதர்கள். ஒரு பக்கம் கட்டி முடித்து, மழைக்காலம் கழித்து மறுபக்கம் தொடங்கியிருப்பார்கள். கொத்தனார் மாறியிருப்பார். ஜன்னல் ஒரே வரிசையில் இருப்பதால் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. முடியும் என்றும் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் இருக்கும்.

வெட்டுவதற்கு முன் எதையும் நேரில் இன்னொரு முறை அளப்பது நல்ல பழக்கம். எந்த வரைபடமானாலும் சரி. யார் போட்டதானாலும் சரி. டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பது எளிது. உனக்குத் தெரியாததல்ல. நாற்பத்திரண்டு வருஷம் நீண்ட காலம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பட்டறைக்காரரிடம் டேப்பைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் நலம்.

அண்ணன்

•

பிப்ரவரி 12

அண்ணா,

நேராகவே கேட்கிறேன். என்மேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லை, அப்படித்தானே?

முப்பத்தெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எனக்கு டியூப்பில் தண்ணீர் நிரப்பச் சொல்லித் தருகிறீர்கள். கொத்தனார்கள் மனிதர்கள் என்று தெரிவிக்கிறீர்கள். சொல்ல வேண்டிய இடத்தில் வாயைத் திறக்கவில்லை. இப்போது யாரும் கேட்காமலே இரண்டு பக்கம் உபதேசம். அன்றைக்கு நூலகக் கூரை நிற்காது என்று நீங்களும் நினைத்தீர்கள், இல்லையா? இன்றைக்குப் பாலமும் நிற்காது. அதைப் 'பொதுவாகச் சில விஷயங்கள்' என்று சுற்றி வளைத்து எழுதியிருக்கிறீர்கள்.

பூட்டிய அறைக்குள் நான் எப்படி அளப்பேன்? அதனால்தானே உங்கள் தாளைக் கேட்டேன்? என் தொழிலில் நான் பார்த்த அளவுகளில், மறுபடி சரிபார்க்கத் தோன்றாத அளவு ஒருத்தருடையதுதான். அது யாருடையது என்று உங்களுக்கே தெரியும். அந்த மனுஷன் என்னைச் சந்தேகப்படுகிறார்.

தளம் போட்டாகிவிட்டது. பதினைந்து அடி. மயிரிழை தப்பவில்லை.

தங்கை

•

பிப்ரவரி 17

அன்புள்ள தங்கைக்கு,

உன்மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. நான் எழுதியது தவறாகப் பட்டிருந்தால் மன்னித்துக்கொள்.

வேறு எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஐந்து தாள் வீணாயிற்று.

அண்ணன்

•

பிப்ரவரி 23

அண்ணா,

கொஞ்சம் அதிகமாகத்தான் எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் 'வாலு'வை எடுத்துவிட்டது எனக்கு உறைத்தது.

ஒரு நல்ல செய்தி. பட்டறையில் வேறு யாருடைய வேலையோ தள்ளிப்போய், நமக்கு இடம் கிடைத்துவிட்டது. உத்தரங்களை மார்ச் ஐந்தாம் தேதியே வெட்டுகிறார்கள். மறுநாள் சுவரில் குழி. மேஸ்திரி இப்போதே உங்கள் தாளைப் பார்த்துச் சுவரில் சாக்பீஸால் நாலு கட்டம் போட்டுவிட்டார். வேதியியல் ஆசிரியை தினமும் கீழே வந்து நின்று அண்ணாந்து அந்தக் கட்டங்களைப் பார்த்துவிட்டுப் போகிறாள். 'நின்று' என்று எழுதிவிட்டேன் பாருங்கள். அவளிடம் சொன்னால் சிரிப்பாள்.

திறக்கும்போது வாருங்கள். பேச வேண்டியதில்லை. வந்தால் போதும்.

தங்கை

•

பிப்ரவரி 28

வெட்டுவதை நிறுத்து. சுவரைத் தொடாதே.

மேற்கு மாடியை நான் அளக்கவில்லை.

இந்த இரண்டு வரியையும் முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். இதை மகள் கூரியரில் அனுப்புகிறாள். "இந்தக் கடிதத்தப் படிக்கற வரைக்கும் எதையும் வெட்ட வேண்டாம்" என்று உனக்கு ஃபோனிலும் சொல்வாள். நான் பேசினால் 'ம்' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

நடந்தது இது.

அந்தப் பள்ளியை அளக்க எனக்கு மூன்று நாள் கொடுத்திருந்தார்கள். தரைத்தளம், கூடம், கிழக்கு மாடி எல்லாம் இரண்டு நாளில் முடிந்தது. மேற்கு மாடி மட்டும் பாக்கி. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் நின்றேன். வகுப்பு முடிந்ததும் நுழையலாம் என்று நினைத்தேன். ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்கியது. இடையில் ஒரு நிமிடம்கூடக் காலியாக இல்லை. பன்னிரண்டுக்குப் போனேன். மூன்று மணிக்குப் போனேன். ஐந்து மணிக்கு எனக்கு ரயில்.

மூன்று மணிக்கு ஆசிரியை என்னைப் பார்த்துவிட்டார். "என்ன சார், யாரைப் பாக்கணும்?" என்றார். நாற்பது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். 'அறையை அளக்க வேண்டும், பத்து நிமிடம் எழுந்து வெளியே வாருங்கள்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். "யாரையும் இல்லைங்க" என்றேன். யாரோ ஒரு பெண் சிரித்தாள். டேப்பைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கிழக்கு மாடியின் அளவுகளை அப்படியே திருப்பி மேற்குக்குப் போட்டேன். முகப்பு சமச்சீராக இருந்தது. ஜன்னல்கள் ஒரே வரிசையில் இருந்தன. உள்ளேயும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் களக்குறிப்பேட்டில் எனக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. டேப்பில் என் கண்ணால் படித்த எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி வைப்பேன். கூட்டியோ ஊகித்தோ எழுதிய எண்ணுக்குப் புள்ளி இருக்காது. வரைபடத்தையும் புள்ளிகளோடுதான் முதலில் போட்டேன். அதைப் பார்த்த மேலதிகாரி, "என்னய்யா இது, வரைபடத்துக்கு அம்மை போட்டிருக்கு? சுத்தமா எழுதிக் கொண்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். புள்ளிகளை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். எதற்காக வைத்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் புள்ளிகள் இருந்திருந்தால் மேற்கு மாடியில் ஒன்றுகூட இல்லை என்பது உனக்குப் பார்த்தவுடன் தெரிந்திருக்கும்.

குறிப்பேட்டின் அந்தப் பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீ 'மேற்கு' என்று எழுதிய நாளிலிருந்து எனக்குத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும். பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்து ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றேன். எனக்குப் பதவி உயர்வு பெரிதாக வரவில்லை. கூட்டத்தில் நாலு வார்த்தை பேசியதில்லை. 'அங்குலம் அளந்தால் அளந்ததுதான்' என்ற ஒரு பெயர் மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாக நிமிர்ந்து நடந்தேன் என்று இப்போது புரிகிறது. பட்டறைக்காரருக்குக்கூட அந்தப் பெயர் தெரிந்திருக்கிறது என்று நீ எழுதியபோது, எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதுதான் எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது.

அளவு சரியாகவே இருக்கவும் கூடும். ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் நான் சொல்ல வேண்டியது.

அண்ணன்

•

மார்ச் 3

அண்ணா,

நிறுத்திவிட்டேன். பட்டறைக்காரர் உத்தரத்தில் குறி போட்டு வைத்திருந்தார். இன்னும் இரண்டு நாள்.

மேற்கு ஜன்னல் ஒன்றைக் கழற்றி, வெளியில் சாரம் கட்டி நின்றபடி, உள்ளே கால் வைக்காமல் டியூப்பை விட்டு மட்டம் பார்த்தோம். மேற்குத் தளம் ஏழரை அங்குலம் இறக்கம். மேஸ்திரி டேப்பைப் பார்த்துவிட்டு, "ஏழரைன்னு வந்தாலே வம்புதாங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஜன்னல் மட்டும் வெளியழகுக்காக ஒரே வரிசை. உள்ளே நின்றால் ஜன்னல் திட்டு உயரமாக இருக்கும்.

ஏழரை அங்குலம். எத்தனை தீப்பெட்டி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சுவரில் நாலு குழியும் தப்பான இடத்தில் வந்திருக்கும்; இன்னும் நாலு குழி எடுக்க யாரும் அனுமதி தரமாட்டார்கள். அந்தப் பெண் பாலத்தைக் கடந்து வந்து ஒரு படிக்கு முன்னால் நின்றிருப்பாள்.

தப்பு நடக்கும். எனக்கும் நடந்திருக்கிறது. வெளியிலிருந்து ஜன்னலைப் பார்த்துத் திருப்திப்பட்டது நான்தான், அதில் பாதி எனக்கும் பங்கு. என்னால் தாங்க முடியாதது அது இல்லை. ஒரு மாதம், அண்ணா! ஒரு மாதமாகத் தெரிந்துகொண்டே 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களைத் திட்டினேன். அதையும் வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டீர்கள். ஏன் இப்படி இருக்கிறீர்கள்?

ஒன்று கேட்கிறேன், சுற்றாமல் பதில் வேண்டும். நூலகக் கூரை நிற்குமா, நிற்காதா? அன்றைக்கு என்ன நினைத்தீர்கள்?

தங்கை

•

மார்ச் 9

அன்புள்ள வாலுவுக்கு,

நிற்கும்.

உன் கணக்கை நான் வீட்டில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். முதல் முறை நீ கணக்கிட்டதைவிட என்னுடையது கொஞ்சம் அதிக பலம் காட்டியது. என் கணக்கில் தவறு இருக்கும் என்று மறுபடி போட்டேன். உன்னுடையதுதான் சரி. அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருந்தது. "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று தலைவர் கேட்டபோது, நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்தபோது அடுத்த வரைபடத்தை விரித்துவிட்டார்கள்.

சொந்தத் தங்கைக்காகப் பேசுகிறான் என்பார்களே என்று தோன்றியது என்று பிறகு என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். வேறு யாருடைய தங்கையாக இருந்தாலும் தண்ணீர்தான் குடித்திருப்பேன்.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை.

பாலத்தின் நீளம் என்ன? உன் கடிதத்தில் இருபத்துநாலு அடி என்று பார்த்த நினைவு. அப்படியானால் ஏழரை அங்குல இறக்கத்தைப் பாலம் முழுக்கப் பரப்பிவிடலாம். முப்பத்தெட்டு அங்குலத்துக்கும் சற்றே அதிகமான நீளத்துக்கு ஓர் அங்குல இறக்கம். சக்கர நாற்காலிக்கு அது சரிவாகவே தெரியாது. புதுக் கட்டடத்தின் தளத்தை உடைக்க வேண்டியதில்லை. உத்தரம் மட்டும் வேறு மாதிரி வெட்ட வேண்டும். நீ இதை எனக்கு முன்பே யோசித்திருப்பாய்.

தச்சர்கள் முட்டுக் கொடுத்ததும் எழுது. வந்து அளக்கிறேன். யாராவது உள்ளே இருந்தால், எழுந்து வெளியே போகச் சொல்கிறேன். முயல்கிறேன்.

அண்ணன்

•

ஏப்ரல் 3

அண்ணா,

யோசித்தேன்தான். ஆனால் நான் முப்பத்தெட்டரை என்று போட்டிருந்தேன். உங்களுடையதைப் பார்த்து மறுபடி கணக்குப் போட்டதில் ஒரு நாள் போயிற்று. இரண்டு பேருமே சரிதான்.

அளக்க வந்த அன்று, மாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டீர்கள். அன்று என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

நீங்கள் ஜன்னலோரம் மண்டியிட்டு டேப்பை வைத்துக்கொண்டிருந்தீர்கள். தச்சர்கள் மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். காது பிளக்கும் சத்தம். அப்போதுதான் நிர்வாகக் குழுவின் செயலாளர் மேலே வந்தார். வரும்போதே கோபம். பாலம் ஏன் ஒரு மாதம் தள்ளிப்போகிறது, உத்தரத்தை ஏன் மாற்றினாய், உனக்கு அளக்கத் தெரியாதா என்று தலைமையாசிரியை முன்னால் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ ஏதோ சொன்னது போல் இருந்தது.

"என்ன சொல்றாரு அவரு?" என்றார் செயலாளர்.

"டேப்பை எடுத்துத் தரச் சொல்றார்போல" என்றார் தலைமையாசிரியை. டேப் உங்கள் கையிலேயே இருந்தது.

நீங்கள் எழுந்து நின்று மறுபடி சொன்னீர்கள். வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் முறை மூச்சை இழுத்துக்கொண்டு நீங்கள் கத்தவும், ரம்பம் நிற்கவும் சரியாக இருந்தது.

"தப்பு என்னோடதுங்க! நான் இந்த ரூமை அளக்கவே இல்ல! தங்கச்சி மேல ஒண்ணும் இல்ல!"

அந்த அமைதியில் உங்கள் குரல் கூடம் வரை போய்த் திரும்பி வந்தது. தச்சர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். செயலாளர் பின்னால் நகர்ந்து, "சரிங்க, சரிங்க... அதுக்கு ஏங்க கத்தறீங்க?" என்றார். உங்கள் குரல் அத்தனை பெரியது என்று அறுபது வயசில்தான் எனக்குத் தெரிகிறது.

நீங்கள் போன பிறகு இன்னொரு விஷயம். தலைமையாசிரியைக்கு ஏழரை அங்குலம் என்ன கணக்கு என்று புரியவில்லை. விளக்கினேன். கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "இதுக்கா ஒரு மாசம்? எங்க பிள்ளைங்களக் கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பாங்களே! கிழக்கால இருபத்திநாலு படி, மேக்கால இருபத்திமூணு. லேட்டா வர்றவ பூரா அந்தப் பக்கம்தான் ஏறுவா, ஒரு படி மிச்சம்னு."

ஒரு படி உயரம் ஏழரை அங்குலம். ஏழு வருஷம் அந்தப் படிகளில் தாவித் தாவி ஏறியவள் நான். எண்ணியதே இல்லை. நீங்களும் நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன் அந்த ஒரே நாளில் மூன்று தடவை ஏறி இறங்கியிருக்கிறீர்கள். கண்ணில் பட்ட எதையும் எண்ணுகிற நீங்கள்! எவ்வளவு பயந்திருந்தால் எண்ணாமல் ஏறியிருப்பீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன். மிச்சமிருந்த கோபமும் அதோடு போயிற்று. முழுசாக இல்லை. முக்கால்வாசி.

வாலு

•

ஜூன் 18

அண்ணா,

நேற்று அவள் கடந்தாள்.

விழா எதுவும் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். பள்ளி விட்ட பிறகு லிஃப்டில் ஏறி வந்தாள். பாலத்தின் நடுவில் கொஞ்சம் நின்றாள். கண்ணாடி வழியாக விளையாட்டுத் திடலைப் பார்த்தாள். பிறகு சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள். நாற்காலி தானாக மெல்ல மெல்ல இறங்கி ஆய்வக வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. "சரிவு இருக்கு மேடம்" என்றாள். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். "நல்லா இருக்கு. போறப்பதான் தள்ளணும், வர்றப்ப அதுவே கொண்டுவந்து விடுது" என்றாள். அப்புறம் உள்ளே போய், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். அழுதது நான்தான்.

பள்ளியில் பழைய வரைபடத்தையும் புதியதையும் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டப்போகிறார்கள். மேற்கு மாடிக்கு நீங்கள் போட்டுத் தருவதாகச் சொன்ன புதுத் தாள் இன்னும் வரவில்லை. வரும் வாரம் ஆணி அடிக்கிறார்கள்.

வாலு

•

ஜூன் 25

அன்புள்ள வாலுவுக்கு,

தாளை அனுப்பியிருக்கிறேன். கை முன்போல் இல்லை. கோடுகள் இரண்டு இடத்தில் நடுங்கியிருக்கின்றன. திரும்ப வரைந்தால் வேறு இரண்டு இடத்தில் நடுங்கும் என்று விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை மகளும் மாப்பிள்ளையும் கேட்டு வாங்கிப் படித்தார்கள். "வர்றப்ப அதுவே கொண்டுவந்து விடுது" என்ற இடத்தை மாப்பிள்ளை சத்தமாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். 'ம்' என்றேன்.

தாளைப் பற்றி ஒரு விஷயம். வடகிழக்கு மூலையில் சுவரோடு சுவராகப் பெரிய அலமாரி ஒன்று இருந்தது நினைவிருக்கும். நகர்த்த முடியவில்லை. அதன் பின்னால் சுவர் நேராகப் போகிறதா, உள்வாங்கியிருக்கிறதா என்று தெரியவில்லை. "அந்தப் பக்கம் எப்படியோ இந்தப் பக்கமும் அப்படித்தான் சார் இருக்கும், போட்டுக்குங்க" என்று தச்சர் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஐந்து பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லியிருக்கலாம். கேட்டும் பார்த்தேன். உள்ளே கண்ணாடிக் குடுவைகள், தள்ளினால் உடையும் என்றார்கள்.

அதனால் அந்த மூலையில் கோடு போடவில்லை. 'அளக்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்தில் இல்லை, மற்ற எண்களின் அளவிலேயே. கூடத்தில் மாட்டுகிற தாளில் அப்படி ஒரு சொல் இருப்பது பார்வைக்கு நன்றாக இருக்காது. வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ. மென்மையான பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். வேண்டாம் என்று தோன்றினால் ரப்பரால் அழித்துவிடலாம்.

இல்லை. அழிக்காதே.

அண்ணன்